படகுக்குள் தண்ணீர்

அமெரிக்காவில் இருக்கும் பேரன் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினான். ஏரியில் மோட்டார் படகு. அதன் பின்பக்கம் பெரிய பைகளை வைத்து, பம்பு போட்டு ஏரித் தண்ணீரையே நிரப்புகிறார்கள். பின்பக்கம் அமிழ்ந்தால் படகின் பின்னால் எழும் அலை பெரிதாகுமாம். அதில் கயிறு பிடிக்காமல் பலகை மேல் நின்று சறுக்கலாமாம்.

பெருமுக்கலிலிருந்து மரக்காணம் பக்கம்தானே. பக்கிங்காம் கால்வாயில் உப்புப் படகுகளைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். கசிந்த தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டே இருப்பார்கள். இவர்கள் உள்ளே ஊற்றுகிறார்கள்!

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது 'லெஸ்ட்' என்று ஒரு சொல் வரும். சரக்கில்லாத கப்பல் ஆடாமல் நிற்க அடியில் ஏற்றும் கல், மணல். இப்போதைய கப்பல்களில் தண்ணீர். அது பிழைக்க ஏற்றும் பாரம்.

"இன்னும் 250 லிட்டர் பை ஒண்ணு போடப் போறோம் தாத்தா."

குமாஸ்தா புத்தி போகுமா? லிட்டருக்கு ஒரு கிலோ. 250 கிலோ என்றால் நாலு ஆள் எடை.

"எத்தனை கிலோ தாங்கும்னு படகிலே தகடு இருக்குமே, அதிலே இதையும் சேர்த்தியாடா?"

பதில் இல்லை. 2009இல் தேக்கடியில் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் போனதைச் சொன்னேன்.

நேற்று அந்தத் தகட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். நண்பர்கள் மூன்று பேரைக் கரையிலேயே நிறுத்திவிட்டானாம்.