டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கேமரா!

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சுமார் 45 கிலோ மீட்டர். 1990களில் தினமும் பஸ்ஸில் ஆபீஸ் போய் வந்தேன். பையில் மூன்றே மூன்று சாமான்கள்: டிபன் பாக்ஸ், குடை, ஒரு யாஷிகா எம்.எஃப்.2 சூப்பர்.

"என்ன சார், கல்யாண வீட்டுக்கா?" என்பார் கண்டக்டர். அவர் மேல் தப்பில்லை. அப்போதெல்லாம் கேமரா வெளியே வந்தால் கல்யாணம், காதுகுத்து... விட்டால் ஊட்டி! ஆபீஸ் போகிறவனுக்கு எதுக்குங்க கேமரா?

அதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஃபோகஸ் திருப்பவே வேண்டாம். நாலைந்து அடி தள்ளி நின்று அமுக்கினால் ஆளும் தெளிவு, பின்னால் கோபுரமும் தெளிவு. தலைவலியெல்லாம் ஃபிலிமில்தான். ரோலுக்கு 36 படம். சாமர்த்தியமாகச் சுற்றினால் 37, ஜாதகம் நன்றாக இருந்தால் 38. கழுவி, பிரிண்ட் போடுகிற செலவு வேறு. அதனால் நூறு தடவை பார்த்துவிட்டு ஒரு தடவைதான் அமுக்குவேன்.

சிதம்பரத்தில் நடராஜர் சந்நிதிக்குள் படம் எடுக்கக்கூடாது. நாலு கோபுர வாசல்களிலும் இருக்கிற 108 கரணச் சிற்பங்களை நிபுணர்கள் எப்போதோ எடுத்துத் தள்ளிவிட்டார்கள். நமக்கு மிச்சம், கீழ வீதிப் பூக்காரம்மா, மழைக்கு ஒதுங்கிய சைக்கிள்காரர், இலையில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும்! "சோத்தைப் போய் யாராவது படம் எடுப்பாங்களா?" என்று வீட்டில் ஒரு வாரம் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். பக்கத்திலேயே செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம். 1690-ல் அதை வாங்கிய வெள்ளைக்காரன் பீரங்கியால் சுட்டு, 'குண்டு விழுந்த தூரம் வரைக்கும் எங்களுது' என்று வளைத்துக்கொண்டான். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் கதை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நானும் அங்கேதான் சுட்டேன். ஆனால் ஒரு அடி நிலம் கேட்கவில்லை!

அப்படி ஒருநாள், கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரை எடுத்தேன். "என்னை எதுக்கு சார் எடுக்கறே? நான் என்ன எம்.ஜி.ஆரா?" என்று பொக்கை வாயால் சிரித்தார். அந்தச் சிரிப்பே படமாகிவிட்டது. பிரிண்டை அடுத்த வாரம் கொடுத்தேன். வீட்டில் மாட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.

2004 டிசம்பர் 26. சுனாமி.

சில மாதம் கழித்துக் கடற்கரைக்குப் போனேன். பெரியவரின் மகன் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தார். "அப்பா போயிட்டாரு சார். போட்டோவும் வீட்டோட போயிடுச்சு. வேற படமே இல்ல. உங்ககிட்ட இருக்குமா?"

வீட்டுப் பரண் மேல் பழைய பிஸ்கட் டின்னில் நெகடிவ் இருந்தது. பெரிதாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் ஒன்றும் பேசவில்லை. விரலால் அப்பாவின் முகத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

அன்றைக்குத்தான், இத்தனை வருஷம் எதற்குக் கேமரா தூக்கினோம் என்று எனக்கே புரிந்தது.

இன்றைக்கு உங்கள் செல்போனில் ஆயிரம் படம் இருக்கும். அதில் தினமும் உங்களுக்கு டீ கொடுக்கிற மாஸ்டர் இருக்கிறாரா? வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற அப்பா இருக்கிறாரா? இந்த ஞாயிற்றுக்கிழமை எடுங்கள். ரெண்டு பிரிண்ட் போடுங்கள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்கள் டின்னுக்கு!