விளாம்பழப் பாணி

விளாம்பழம் வாங்கவும் ஒரு படிப்பு வேண்டும். எங்கள் மூத்தம்மா பழத்தை ஒரு சாண் உயரத்திலிருந்து நிலத்தில் போட்டுப் பார்ப்பார். துள்ளினால் காய். துள்ளாமல் ‘தொப்’ என்று கிடந்தால் பழம். சந்தையில் வியாபாரிகள் முகம் சுளித்தாலும் அவர் விடமாட்டார்.

எங்கள் நிந்தவூரில் காலையில் ரொட்டிக்குச் சம்பலும், பிட்டுக்கு மீனாணமும் என்றுதான் பெரியவர்கள் சாப்பிடுவார்கள். சிறுவர்களுக்கு இனிப்பு வேண்டும். கித்துள் பாணி மலைப்பக்கத்திலிருந்து வரவேண்டும், விலையும் கூட. விளாவோ நம் வரண்ட மண்ணின் மரம். ஆகவே எங்கள் வீட்டு அப்பத்துக்கும் பாணுக்கும் விளாம்பழப் பாணிதான்.

ஓட்டை உடைத்துச் சதையை வழித்து, கொதித்து ஆறிய தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து ஒரு மணித்தியாலம் வைப்போம். பிறகு வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிடுவோம். பிழியக்கூடாது, பிழிந்தால் பாணி கலங்கிவிடும். வடிந்த சாறு ஒரு லீற்றருக்கு ஒரு கிலோ சீனி, பாதித் தேசிக்காய். பிஸ்மி சொல்லி அடுப்பில் வைத்தால், முதலில் பொங்கும் நுரையை அகப்பையால் எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அது என் வேலை. கடைசியில் ஒன்றரைப் போத்தல் அளவு மிஞ்சும். போத்தலில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் முதல் நாளே அவித்து வெயிலில் காயவைத்துவிடுவோம்.

தேசிக்காய் ஏன் என்று உயர்தர இரசாயனவியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. புளியோடு கொதிக்கும்போது சீனியில் ஒரு பங்கு குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிகிறது. அதனால் பாணி ஆறியபின் கற்கண்டுபோல் உறையாது. விளாம்பழத்தில் பெக்டினும் அதிகம். அடுப்பில் சற்றுக் கூட நின்றால் பாணி ஜெலி ஆகிவிடும், முந்தி இறக்கினால் சில நாளில் புளித்துவிடும். இரண்டுக்கும் நடுவே சில நிமிடங்கள்தான். தாவரவியலாளர் இந்த மரத்துக்கு வைத்த பெயர் லிமோனியா அசிடிசிமா. அசிடிசிமா என்றால் ‘மிகவும் புளித்தது’. ஒவ்வொரு பழத்தின் புளிப்பும் ஒவ்வொரு விதம் என்பதால் அளவுக் கரண்டி மட்டும் போதாது, நாக்கும் வேண்டும்.

மூத்தம்மாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். போன வருடம் காலில் ஒரு சின்னக் காயம் மூன்று மாதம் ஆறாமல் கிடந்து எல்லோரையும் பயமுறுத்தியது. அதற்குப் பிறகு உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ருசி பார்க்கவும் கூடாதென்று. ஒரு மேசைக்கரண்டி பாணியில் ஏறத்தாழ 13 கிராம் சீனி இருக்கிறது. அவர் ருசி பார்ப்பது ஒரு கரண்டியோடு நிற்பதுமில்லை. பார்வையும் மங்கிவிட்டது, கம்பிப் பதம் அவருக்குத் தெரியாது.

இனிப் பாணி காய்ச்ச வேண்டாம் என்றுகூட உம்மா சொல்லிப் பார்த்தார். மூத்தம்மா பதில் பேசாமல் அடுத்த வெள்ளிக்கிழமை நான்கு பழத்தோடு வந்தார்.

இப்போது அவர் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து கொதியின் சத்தத்தைக் கேட்கிறார். தொடக்கத்தில் அது மழைபோலச் சடசடக்கும். பதம் நெருங்கும்போது குமிழிகள் கனத்து, ‘பொளக், பொளக்’ என்று ஆறுதலாக வெடிக்கும். “மகள், இப்ப சொல்லு” என்பார். நான் ஒரு துளியை ஆறவைத்து நாக்கில் வைப்பேன்.

“புளி முந்தி வருதா, இனிப்பு முந்தி வருதா?”

“புளி முந்தி, மூத்தம்மா.”

“பிறகு?”

“தொண்டையில இனிப்பு நிக்குது.”

“இறக்கு. காணும்.”

என் சொல்லை நம்பி அவர் சட்டியை இறக்கச் சொல்லும் அந்த நேரம் எனக்குப் பரீட்சை மண்டபத்தைவிடப் பயமாக இருக்கும். கடந்த மாதம் காய்ச்சிய இரண்டு போத்தலில் ஒன்று மாமி வீட்டுக்குப் போனது. மற்றதைத் தம்பி பத்து நாளில் முடித்துவிட்டான். மூத்தம்மா தன் ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டு, அவன் விரலை நக்கும் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார்.