எண்ணூர் ஆயாவுக்கு ஓர் அட்டை

மீன் கூடையில் ஏறி உங்கள் வீட்டு வாசலுக்கே வந்த காலம் நினைவிருக்கிறதா? எங்கள் ராயபுரம் வீட்டுக்கு வந்தது. காலை எட்டு மணிக்குத் தெருமுனையில் "வஞ்சரம், சங்கரா!" என்று குரல் கேட்டால் எங்கள் வீட்டுப் பூனைக்கும் அம்மாவுக்கும் ஒரே சமயத்தில் பரபரப்பு உண்டாகும். வருகிறவள் ஆயா. அவளுக்கு வேறு பெயர் உண்டு என்பதே எனக்கு வெகு நாள் தெரியாது. அம்மாவோடு அரைமணி நேரம் பேரம் பேசி, கடைசியில் அம்மா கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு, எனக்கென்று ஒரு பிடி நெத்திலியும் போட்டுவிட்டுப் போவாள்.

ஆயா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதோடு கூடை நின்றது. சென்ற வருஷம் ஒரு நாள் அம்மா, "ஊரெல்லாம் சுற்றி எழுதுகிறாயே, எண்ணூருக்குப் போய் ஆயா எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு வரக்கூடாதா?" என்றாள். பத்திரிகை ஆசிரியர் உத்தரவைத் தட்டலாம். அம்மா உத்தரவைத் தட்ட முடியுமா?

சென்னைவாசிகள் மாமல்லபுரத்துக்கு வருஷம் இரண்டு முறை போவார்கள். வடக்கே போகச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. திருவொற்றியூரில் வடிவுடையம்மன் இருக்கிறாள். கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. அப்புறம் தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். 1970-இல் ஓடத் தொடங்கிய பழைய அனல் மின் நிலையத்தை 2017-இல் மூடிவிட்டார்கள். கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் முகத்துவாரம் மட்டும், சுற்றிலும் எத்தனை ஆலை வந்தாலும், சாயங்கால வெயிலில் இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

அந்த ஓரத்துக் குப்பத்தில், மருமகளோடு ஓர் அறையில் இருந்தாள் ஆயா. மகன் போய்ச் சேர்ந்துவிட்டான். மருமகள் கருவாடு காயப்போடப் போகிறாள். சுவரில் இடுப்பு உயரத்தில் கறுப்பாக ஒரு கோடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் போட்டுவிட்டுப் போன கோடு அது. தகரப் பெட்டியில் இருந்த புருஷனுடைய படமும், சேஷன் காலத்து வாக்காளர் அட்டையும் அந்த எண்ணெயில் ஊறிக் கூழாகிவிட்டன.

"அட்டை இல்லாக்காட்டி நான் ஆயாவே இல்லியாம், பாப்பா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆதார் அட்டை அவள் எடுக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டுப் படம் எடுத்தபோது இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். "சாகப் போறவளுக்கு எதுக்கு அட்டை?" என்று சும்மா இருந்துவிட்டார்களாம். ஆயா சாகவில்லை. அட்டை இல்லாததால் ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போயிற்று. 1962 முதல் நம் ராஜ்யத்தில் முதியோர் உதவித்தொகை உண்டு. 2023-இல் அதை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். மனுப் போடப் போன மருமகளிடம் முதல் கேள்வியே "ஆதார் எங்கே?" என்பதுதான்.

ஒரு நாள் ஆயாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றிப் பதிவு மையம் ஒன்றுக்குப் போனோம். எந்த மையம் என்று சொல்லப் போவதில்லை. மையம் மாடியில், இருபத்திரண்டு படி. நான் ஏறிப் போய்ச் சொன்னேன்.

"ஆள் நேரில் வரணும்" என்றாள் அந்தப் பெண்.

"வந்திருக்கிறார், கீழே ஆட்டோவில்."

"மெஷின் மேலேதானே இருக்கு, மேடம்?"

அவளைக் கோபித்து என்ன பயன்? ஆனால் அன்று முழுவதும் ஒருவராவது, "வீட்டுக்கே வந்து எடுப்பார்கள், மனுப் போடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். ஏனென்றால் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது! எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு ஆதார் ஆணையமே வீட்டுக்கு ஆளும் கருவியும் அனுப்புகிறது, கட்டணம் உண்டு. 1947 என்ற எண்ணுக்குப் போன் செய்து நான் தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டிலும் படுக்கையில் ஒரு பாட்டி இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால், ஆயா ஆயாதான் என்று காட்ட ஒரு காகிதம் வேண்டுமே? வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. படிவம் 8-ஐ நிரப்பி வாக்குச்சாவடி அலுவலரிடம் கொடுத்தோம். மாற்று அட்டை தபாலில் வந்தது. படம் மட்டும் பழைய படம். ஐம்பது வயது ஆயா, மூக்குத்தி மின்ன, பேரம் பேசத் தயாராக நம்மை முறைக்கிறாள். "யாரு இது, எங்க ஆத்தாவா?" என்றாள் ஆயா.

வீட்டுக்குக் கருவியோடு வந்த பையன் நல்ல மாதிரி. வயதைக் கேட்டான். "வெள்ளம் வந்த வருசம்" என்றாள் ஆயா. 2023 என்று அவன் திகைத்துப் போனான். 1943-இல் சென்னையில் பெருவெள்ளம் வந்ததே, அதைச் சொல்கிறாள் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. பின்னால் வெள்ளைச் சுவர் வேண்டுமென்றான். எண்ணெய்க் கோடு இல்லாத சுவருக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு வேட்டியை இரண்டு பெண்கள் திரைபோலப் பிடித்துக்கொண்டார்கள்.

விரல்தான் தகராறு செய்தது. ஐம்பது வருஷம் ஐஸிலும் உப்பிலும் ஊறி, செதில் சீவிச் சீவி ரேகை தேய்ந்துவிட்டது. பத்து விரலையும் துடைத்துத் துடைத்து வைத்தும் கண்ணாடி ஒன்றைக்கூட ஏற்கவில்லை. மருமகள் அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த வெள்ளம் வந்த அதே 2023 டிசம்பரில்தான், கேரளத்தில் விரல்களே இல்லாத ஒரு பெண்ணுக்குக் கருவிழியை மட்டும் வைத்து ஆதார் கொடுத்தார்கள். அந்த விதி பையனுக்கும் தெரிந்திருந்தது. புரை எடுத்த கண் ஒத்துழைத்தது. மற்றது நாலு முறை அடம்பிடித்துப் பிறகு இசைந்தது.

"ரேகை விழாதவங்களுக்கு இன்னொரு போட்டோ எடுக்கணும், ஆயா. முகத்தோட ரெண்டு கையும் தெரியணும்" என்றான்.

ஆயா இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்குப் பக்கத்தில் விரித்துக் காட்டினாள். எனக்கு நெத்திலி போட்ட கை. திரை பிடித்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்ததில் வேட்டி சரிந்து, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

பதினெட்டு வயது தாண்டி முதன்முறை பதிகிறவர்கள் மனு ராஜ்ய அரசின் சரிபார்ப்புக்குப் போகும். ஆறு மாதம் வரைகூட ஆகலாம். ஆயாவுக்கு நாலு மாதம் ஆயிற்று. உதவித்தொகை மனு இப்போது தாசில்தார் ஆபீசில் இருக்கிறது. போன மாதம் போயிருந்தேன். தகரப் பெட்டி பூட்டாமல் கிடந்தது. அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எண்ணெய்க் கோட்டுக்கு இரண்டு முழம் மேலே ஆணியடித்து மாட்டியிருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் மேலே அடிக்கச் சொல்லு, பாப்பா" என்றாள் ஆயா.