பெற்றோல் மூடி

2022 ஆம் ஆண்டு ஆவணி மாதம், திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்திலுள்ள ஒரு கடையிலிருந்து எனது மிளகாய்த்தூள் பைக்கற்றுகள் பதினெட்டுத் திரும்பி வந்தன. “தூள் திறம் அக்கா. ஆனால் பெற்றோல் மணக்குது. சனம் மணந்து பார்த்திட்டு வைச்சிட்டுப் போகுது” என்று கடைக்காரத் தம்பி சொன்னார். ஒரு பைக்கற்றை வெட்டி மணந்து பார்த்தேன். உண்மைதான். ஒடியல் மா அதைவிட மோசம். மா எந்த மணத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். பொலித்தீன் பை தண்ணீரைத் தடுக்குமே தவிர, பெற்றோல் ஆவியை முழுதாகத் தடுக்காது.

நான் சாமான் ஏற்றிப் போவது எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் காரில். மாமா, அதாவது எனது கணவரின் தகப்பனார், கிளாக்கராக இருந்த காலத்தில் வாங்கியது. இந்தக் காரில் பெற்றோல் தாங்கி டிக்கியின் தரைக்குக் கீழே இருக்கிறது. ஊற்றும் கழுத்து வலது பின்பக்கத்தில் வெளியே வந்து ஒரு மூடியோடு முடிகிறது. அந்த மூடிப் பக்கம் ஒழுகினால் மணம் முதலில் ஏறுவது சாமான் வைக்கும் இடத்துக்குள்தான்.

அந்த நாட்களில் பெற்றோல் என்ன விலை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 2022 யூன் மாதக் கடைசியில் 92 ஒக்ரேன் ஒரு லீற்றர் 470 ரூபாவாயிற்று. பிறகு கியூஆர் அட்டை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று தொடங்கினார்கள். எனக்குக் கிழமைக்கு 20 லீற்றர் முடியாது. ஆனாலும் அடுத்த கிழமை வருமோ வராதோ என்ற பயத்தில் எல்லோரும் தாங்கியைத் தொண்டைவரை நிரப்பினோம். அப்படி நிரப்பியபோதுதான் மூடியின் குறை வெளியே தெரிந்தது. இடது கைப்பக்கம் திருப்பினால் உள்ளே இருக்கும் எண்ணெய் வலது பக்கம் அள்ளி அடிக்கும். மூடி இருப்பதும் வலது பக்கம். ஒவ்வொரு இடது திருப்பத்துக்கும் ஒரு கோடு பெற்றோல் மட்காட்டில் வழிந்து பெயின்றையும் தின்றது.

“வித்துப்போட்டு ஒரு ஸ்கூட்டி வாங்கன்” என்று சொல்லாதவர்கள் இல்லை. எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் மாமி விடமாட்டா. அவவின் மகன், எனது கணவர், 1996 ஆம் ஆண்டு காணாமல் போனவர். அவர் ஓடப் பழகியது இந்தக் காரில். “அவன் வந்து கார் எங்கையெண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது பிள்ளை?” என்று மாமி ஒருமுறை கேட்டா. அதற்குப் பிறகு விற்கும் கதையை நான் எடுக்கவில்லை. ஆகவே கார் நிற்கவேண்டும். நிற்பதென்றால் சும்மா நிற்காமல் உழைக்கவேண்டும்.

இந்தக் கார் ஒழுக்கைப் பார்த்தது முதல் தடவையல்ல. 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டாக விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் விடுவார்கள். பெற்றோல் மருந்து மாதிரி. அக்காலத்தில் தாங்கியில் மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு வந்தபோது மாமா சவர்க்காரத் துண்டை ஈரமில்லாமல் அதில் அழுத்தித் தேய்த்து அடைத்தார். சவர்க்காரம் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கரையாது. ஆனால் மழைத் தண்ணீர் பட்டால் போய்விடும். நாங்கள் பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்த்த காலம் அது. காருக்குச் சவர்க்காரமா என்று மாமி சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, அந்தச் சவர்க்கார ஒட்டோடுதான் கார் நாவற்குழி தாண்டியது. பாதி வழி ஓடியது, பாதி வழி தள்ளினோம்.

இந்தக் காரை வடிவமைத்தவரைப் பற்றிப் பின்னர் வாசித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அலெக் இசிகோனிஸ் என்பது அவர் பெயர். 1906 இல் இன்றைய துருக்கியிலுள்ள இஸ்மீர் நகரில் பிறந்தவர். அந்தக் காலத்தில் அதை ஸ்மேர்னா என்பார்கள். 1922 இல் போர் அந்த நகரைச் சூழ்ந்தபோது குடும்பத்தோடு கப்பலேறி மோல்ற்றாவுக்கு இடம்பெயர்ந்தார். அங்கே தகப்பன் இறந்துவிட்டார். தாயும் மகனும் மட்டும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். எல்லாவற்றையும் விட்டு வந்த ஒரு விதவைத் தாயின் பிள்ளை செய்த கார் 1948 இல் வெளிவந்து, 1960 டிசெம்பரில் பத்து இலட்சத்தை எட்டியது. மாமிக்கு இதைச் சொன்னேன். “தாய் கடைசி மட்டும் மகனோட இருந்தவவோ?” என்பதுதான் அவ கேட்ட ஒரே கேள்வி. இருந்தவ என்று சொன்னேன்.

சரி, மூடிக்கு வருகிறேன்.

முதலில் பக்கத்திலுள்ள ஒரு கராஜில் காட்டினேன். அங்கே நின்ற பொடியன் மூடியைத் திறந்து, உள்ளே காய்ந்து வெடித்திருந்த தக்கை வளையத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, பழைய ரியூப்பில் ஒரு வட்டம் வெட்டிப் போட்டுத் தந்தான். நான்கு நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் மூடியைத் திருப்ப முடியவில்லை. றப்பர் ஊதி, அப்பளம் போல நெளிந்து கிடந்தது. ஒழுக்கு முன்னையதை விடக் கூட. திரும்பக் கொண்டுபோனபோது, மூடியின் உட்பக்கத்தில் இருந்த சின்ன ஓட்டையைக் காட்டி “இதாலதான் வருது” என்று பசை வைத்து அடைத்தான். அன்றைக்குக் கோப்பாய் தாண்டும்போது கார் இருமி இருமி நின்றுவிட்டது. நடு வெயில், பின்னால் நாற்பது கிலோ மா.

அந்த இடத்தில்தான் வயதான மெக்கானிக் ஐயா ஒருவர் சைக்கிளால் இறங்கி வந்தார். கராஜை விட்டுப் பல வருடமாம். பொனற்றைத் திறக்கவேயில்லை. நேரே பின்னால் போய்ப் பெற்றோல் மூடியைத் திறந்தார். “உஸ்” என்று காற்று உள்ளே இழுத்தது. “இப்ப எடுத்துப் பார் பிள்ளை” என்றார். சாவியைத் திருப்பினேன். பெற்றோல் பம் “ரிக் ரிக்” என்று அடித்தது, கார் எழும்பியது.

அவர் சொன்ன விளக்கம் இதுதான். எஞ்சின் எண்ணெயைக் குடிக்கக் குடிக்க அந்த இடத்தை நிரப்பத் தாங்கிக்குள் காற்றுப் போகவேண்டும். பழைய கார்களில் அந்தக் காற்றுக்கு வழி மூடியிலுள்ள ஓட்டைதான். அதை அடைத்தால் உள்ளே வெற்றிடம் விழும். பம் எவ்வளவு இழுத்தாலும் எண்ணெய் வராது. “தாங்கி மூச்சு விடவேணும் பிள்ளை. மூச்சை அடைச்சா ஆர்தான் உயிரோட இருக்கிறது?” என்று சிரித்தார். ஓட்டையைத் திறந்துவிட்டு, ஓரத்தை இறுக்கவேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை.

மறுநாள் எங்கள் முற்றத்துக்கு வந்து, தான் கதிரையில் இருந்துகொண்டு என்னைச் செய்ய வைத்தார். கை நடுங்குகிறது என்று காரணம் சொன்னார். எனக்கென்னவோ அது முழு உண்மையாகப் படவில்லை.

முதல் வேலை எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்ப்பது. மூடி, கழுத்து, கழுத்தைச் சுற்றியுள்ள றப்பர் எல்லாவற்றையும் துடைத்து உலரவிட்டு, முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லத் தூவினோம். மாமி விபூதி போதாதா என்று கேட்டா. அதுவும் சரிதான் என்றார் ஐயா. தெருவில் நான்கு இடது திருப்பம் ஓடி வந்து பார்த்தால், ஈரம் பட்ட இடம் கறுத்துக் கோடாகத் தெரிந்தது. பெரிய கோடு மூடியின் கீழ் விளிம்பில். கழுத்து றப்பரடியிலும் மெல்லிய ஒரு கறை.

இரண்டாவது, வளையத்துக்குப் பொருள். தக்கையும் றப்பரும் கலந்த தகடு உதிரிப்பாகக் கடைகளில் கஸ்கற் வெட்ட விற்கிறார்கள். நைத்திரைல் றப்பர் கிடைத்தால் அதுவும் திறம். கடைக்காரர் சொன்னால் மட்டும் நம்பாதே என்றார் ஐயா. ஒரு சின்னத் துண்டை வெட்டி, அதன் அளவைக் கடதாசியில் பென்சிலால் கீறிவைத்து, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் கொஞ்சப் பெற்றோலில் ஓர் இரவு போட்டு வெளியில் வைத்தோம். பக்கத்திலேயே இன்னொரு போத்தலில் ரியூப் துண்டு. காலையில் எடுத்துக் கோட்டின் மேல் வைத்தால், ரியூப் துண்டு கோட்டை விட்டு நன்றாக வெளியே நின்றது. தக்கைத் தகடு கோட்டுக்குள்ளேயே நின்றது.

மூன்று மில்லிமீற்றர் தகட்டில் வெளிவட்டத்துக்கு ஒரு ரின் மூடியையும் உள்வட்டத்துக்கு ஒரு சின்னப் போத்தல் மூடியையும் வைத்துக் கீறி, புது பிளேட்டால் வெட்டினேன். முதலில் உள்வட்டம், பிறகு வெளிவட்டம். மாறி வெட்டினால் பிடிக்க இடமிராது. வருடக்கணக்காகத் தையலுக்குத் துணி வெட்டிய கைக்கு இது பெரிய வேலையல்ல. மூடியின் உள்ளே இருக்கும் பிடிகள் தளர்ந்திருந்தன. அவற்றைக் குறட்டால் ஒரு மயிரளவு வளைத்தவுடன் மூடி இறுகப் பிடித்தது. கழுத்தின் வாய் ஓரிடத்தில் நசிந்து கறளேறிக் கிடந்தது. கறள் உள்ளே விழாமல் துணி அடைத்துவைத்து மெல்லிய அரத்தாள் போட்டுத் தேய்த்தேன். துணியின் நுனியைக் கயிற்றில் கட்டி வெளியே விட்டிருந்தோம். மொத்தச் செலவு ஒரு லீற்றர் பெற்றோல் விலையை விடக் குறைவு.

ஒரு விடயத்தில் மட்டும் ஐயா கண்டிப்பாக இருந்தார். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது. மேலே போகாது; நிலத்தோடு ஊர்ந்து போகும். மண்ணெண்ணெயோடு பழகிய எங்களுக்கு அந்தப் பயம் குறைவு. முற்றத்தில் வேலை, குசினியில் அடுப்பு என்று இருக்கக்கூடாது. சாமி விளக்கும் அணைந்திருக்கவேண்டும், பற்றரி வயரும் கழன்றிருக்கவேண்டும். பிள்ளைகள் நிற்கக்கூடாது. தொட்ட துணியை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வெயிலில் விரித்துக் காயவிடவேண்டும்.

இன்னொன்றையும் அவரிடம்தான் கேட்டறிந்தேன். பெற்றோல் 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு விரியும். விடிய வரிசையில் நின்று குளிர்ந்த எண்ணெயைத் தொண்டைவரை நிரப்பி, மத்தியானம் வெயிலில் விட்டால், எந்த நல்ல மூடியும் கசியத்தான் செய்யும். கழுத்துக்குக் கீழேயே நிறுத்தச் சொன்னார். கியூஆர் முறை 2023 செப்ரெம்பரில் நீங்கிவிட்டது. நான் இப்போதும் அந்த அளவுக்கு மேல் அடிப்பதில்லை. பம்புக்காரப் பொடியனுக்குத்தான் எரிச்சல்.

கார் இல்லாத வீட்டிலும் இந்த மூடி இருக்கிறது சகோதரிகளே. தோட்டத்துக்கு இறைக்கும் மிசின், லான்ட்மாஸ்ரர், பழைய மோட்டார் சைக்கிள், ஜெனறேற்றர், எல்லாம் ஒரே கதைதான். ஓடிக்கொண்டிருக்கும் மிசின் காரணமில்லாமல் நின்றால், காசு கொடுத்து ஆளைக் கூப்பிட முன்னர் மூடியைத் திறந்து காது கொடுத்துப் பாருங்கள். எங்கள் ஒழுங்கையில் மிசின் வைத்திருக்கும் இரண்டு பேருக்கு நான் வளையம் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தி நூறு ரூபா தந்தாள், மற்றவள் ஒரு பூசணிக்காய்.

புதிதாக மூடி வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய கார்களுக்கு ஏற்ற மூடிகள் கிடைக்கும், பூட்டுள்ளதும் உண்டு. வாய்க்குப் பொருந்துகிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். காற்றோட்டை உள்ளதா என்று கேட்டு, வாயை வைத்து ஊதிப் பார்த்து வாங்குங்கள். பழைய மூடியில் ஊதுவதானால் நன்றாகக் கழுவிக் காயவிட்ட பிறகு.

திருநெல்வேலிக் கடை திரும்பவும் தூள் எடுக்கிறது. கழுத்தைச் சுற்றியுள்ள அந்த றப்பர் மட்டும் இன்னும் மாற்றவில்லை. சரியான அளவு இங்கே கிடைக்கவில்லை. கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் பழையதின் அளவைக் கடதாசியில் கீறிக் கொடுத்துவிட்டிருக்கிறேன். அது வரும்வரை தூளை டிக்கியில் வைக்கிறேன், ஒடியல் மாவைப் பின்சீற்றில் மாமிக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.