கை ஒன்று, பந்து இரண்டு

கோல்ஃப் ஆடுபவரின் பையில் 14 மட்டைகள் வரை இருக்கலாம், பந்து ஒன்றுதான். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் நான் பார்த்தது அதற்கு நேர்மாறு. கை ஒன்று, பந்துகள் வேறு. வேகப்பந்து வீச்சாளர் நடராஜனின் ஊர் இது. அவர் அமைத்த மைதானத்தை 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். விசைத்தறி ஓடும் இந்த வட்டாரத்துப் பொட்டல்களில் பையன்கள் இன்றும் டென்னிஸ் பந்தில்தான் ஆடுகிறார்கள். இருபது வயதுவரை நடராஜனும் அப்படித்தான். அந்தப் பந்து வீச்சைக் கெடுத்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

டென்னிஸ் பந்து 60 கிராமைத் தொடாது. தோல் பந்து 156 முதல் 163 கிராம். இலேசான பந்துக்குத் தையல் இல்லை, குத்தி எழும்பி மட்டைக்கு வாகாக வரும். நடு நீளத்தில் போட்டால் அடிதான். மிச்சம் இருப்பது மட்டையாளரின் காலடி, அதாவது யார்க்கர். ஸ்டம்புக்கு முன்னால் கழற்றி வைத்த ஒற்றைச் செருப்பைக் குறிவைத்து இடக்கைப் பையன் ஒருவன் போட்டுக்கொண்டே இருக்கிறான். ஒரு சாண் தள்ளி விழுந்தாலும் உதட்டைப் பிதுக்குகிறான். அவன் கவலை நியாயமானது. 135 கி.மீ. வேகத்தில் பந்தை விடும் கோணம் 1 டிகிரி பிசகினால், விழும் இடம் ஒன்றரை மீட்டருக்கு மேல் மாறும். ஒரு சாண் என்பது டிகிரியில் ஏழில் ஒரு பங்கு. 2020 நவம்பர் 6 அன்று அபுதாபியில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த நடராஜனின் யார்க்கருக்குப் பின்னால் இருப்பது இந்தச் செருப்புக் கணக்கு.

அப்படியானால் 2015இல், ரஞ்சியில் ஆடத் தொடங்கியதுமே, அவர் வீச்சுமுறை மீது ஏன் சந்தேகம் எழுந்தது என்று கேட்கலாம். சரியான கேள்வி. எடையில்லாத பந்துக்கு வேகம் கொடுக்கக் கையைச் சாட்டைபோலச் சுண்ட வேண்டியிருக்கிறது. முழங்கை மடங்கி நிமிர்கிறது. தெரு பாஷையில் ‘மாங்கா’. விதி அனுமதிப்பது 15 டிகிரி. அவர் முறையைத் திருத்திக்கொண்டு திரும்பினார். 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி கொடுத்து எடுத்தது. திருத்தியது முழங்கையை. எந்தக் கணத்தில் பந்தை விடுவது என்ற கணிப்பும் டென்னிஸ் பந்தின் கோளாறாக இருந்திருந்தால் பழைய முறையோடு யார்க்கரும் போயிருக்கும், போகவில்லை.

ஒரே வித்தைக்காரர் என்பாரும் உண்டு. 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில், சிவப்புப் பந்தோடு, முதல் இன்னிங்ஸில் அவருக்கு 3 விக்கெட். வேட், லபுஷேன் இருவரும் குட்டையாக விழுந்த பந்தைப் புல் செய்யப் போய்த்தான் அவுட்டானார்கள். பந்து மாறியபோது நீளமும் மாறியது. ஆயிரம் பேர் ஆடி ஒருவர்தானே வந்தார் என்றால், அது தோல் பந்து வாங்கும் வசதியைப் பற்றிய கேள்வி. டென்னிஸ் பந்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பையன் இப்போது தோல் பந்தைக் கையில் எடுக்கிறான். செருப்பை நாலைந்து எட்டு தன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு ஓடி வருகிறான். முதல் பந்து, செருப்பு முன்பு கிடந்த இடத்திலேயே போய் விழுகிறது.