புறங்கை வீச்சு

மனிதனுக்குத் தன் குறையை மறைப்பதில் உள்ள சாமர்த்தியம் அதனைத் திருத்துவதில் இருப்பதில்லை. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது யாதொரு நூலுமன்று, பிரசங்கமுமன்று. நான்கு சுவர்களுக்கிடையே துள்ளித் திரிந்த ஒரு சிறு ரப்பர்ப் பந்தேயாகும்.

நமது கலாசாலையை விட்டு மேற்படிப்பின் பொருட்டு அமெரிக்கா சென்றிருந்த காலத்தில், அங்கே ராக்கெட்பால் என்னும் ஆட்டத்தைப் பழகினேன். நம் மாணவர் பலர்க்கு இது புதிதாயிருக்கக்கூடுமாதலின், சிறிது விளக்குதல் நலம். கனெக்டிகட் மாகாணத்துக் கிரெனிச் நகரிலே, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் விளையாட்டுக் கூடத்தில், ஜோ சோபெக் என்பவர் 1950-ஆம் ஆண்டில் இதனைத் தோற்றுவித்தார். கூடைப்பந்தை 1891-லும் வாலிபாலை 1895-லும் உலகிற்கு ஈந்தவரும் அச்சங்கத்தாரே. சென்னையில் 1920-ல் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக் என்பாரும் அச்சங்கத்தைச் சார்ந்தவரே. ஆதலின் இவ்வாட்டம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

ஆடுமிடம் 40 அடி நீளமும், 20 அடி அகலமும், 20 அடி உயரமும் உடைய மூடிய அறை. குட்டையான மட்டையால், இரண்டேகால் அங்குல விட்டமுள்ள பந்தை அடித்தல் வேண்டும். பக்கச் சுவர்களிலோ, பின்சுவரிலோ, கூரையிலோ அது படலாம். ஆயினும் தரையைத் தொடுமுன் எதிர்ச்சுவரை அடைதல் வேண்டும். திரும்பி வரும் பந்து தரையில் இரண்டாம் முறை விழுமுன் மற்றவர் அடித்தல் வேண்டும். ஆட்டத்தின் சாரம் இவ்வளவே.

வலக்கையனாகிய எனக்கு வலப்பக்கம் வரும் பந்து எளிதாயிருந்தது. இடப்பக்கம் வரும் பந்தைப் புறங்கையால் அடிக்கவோ எனக்கு வரவில்லை. ஆதலால் பந்து இடப்புறம் வருங்காலெல்லாம் விரைந்தோடி, இடச்சுவரை ஒட்டி நின்றுகொண்டு, அதனை என் வலப்பக்கத்ததாக ஆக்கிக்கொண்டு அடிப்பேன். இதனை ஓர் அரிய தந்திரமென்று மனத்துள் மெச்சிக்கொண்டதும் உண்டு. ஆனால் எதிராடுவோர் என் இரகசியத்தை ஒரு வாரத்திற்குள் கண்டுகொண்டு, தொடக்க அடி ஒவ்வொன்றையும் இடப்புறப் பின்மூலைக்கே அனுப்பலாயினர். நான் மட்டையின்மீது பழிசுமத்தி, விலையுயர்ந்த வேறொன்றை வாங்கினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணலென்ற கதையாயிற்று.

ஒரு மாலை, தபாற் சேவகராயிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவருடன் ஆடிக்கொண்டிருந்தேன். பந்து இடப்புறம் வந்தது. வழக்கம்போல் சுற்றியோடி, நடுவில் நின்ற அவரைக் கவனியாமல், அவர் நின்ற பக்கமாகவே மட்டையைப் பின்னுக்கு ஓங்கினேன். அதன் விளிம்பு அவர் புருவத்தைப் பிளந்தது. கண்காப்பு அணிந்திருந்தமையால் கண் தப்பிற்று. இரத்தமோ தரையிற் சொட்டியது. நான் நடுநடுங்கி நின்றேன். அவர் துவாலையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு, கோபமின்றிக் கேட்டது ஒன்றே: "பந்து உம் இடப்புறம் வந்ததே, அதை அங்கேயே நீர் ஏன் அடிக்கவில்லை?"

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. புறங்கையால் அடித்திருந்தேனாயின் மட்டை இடச்சுவர்ப் பக்கமாகவே ஓங்கப்பட்டிருக்கும்; அதற்கும் அவருக்கும் இடையே என் உடல் நின்றிருக்கும். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் கூச்சத்தை மறைப்பதற்காகப் பிறனொருவன் கண்ணைப் பறிக்க இருந்தேனே என்று நெஞ்சம் சுட்டது.

புண் ஆறியதும் அப்பெரியவரே எனக்கு ஆசிரியரானார். என் பிழைகள் மூன்றென்று அவர் காட்டினார். முதலாவது பிடி. வலப்பக்க அடிக்குரிய பிடியோடே புறங்கையால் அடித்தமையால் மட்டையின் முகம் மேல்நோக்கியது. பந்தும் உயர எழுந்து, எதிரிக்கு எளிதாயிற்று. பெருவிரலும் சுட்டுவிரலும் கூடுமிடம் சற்று இடப்புறம் நகருமாறு பிடியைத் திருப்பியதும் முகம் நேராயிற்று. இரண்டாவது நிலை. நான் எதிர்ச்சுவரை நோக்கி நின்றபடியே கையை மட்டும் வீசினேன். இடச்சுவரை நோக்கித் திரும்பி, வலத்தோள் முன்னிற்க, பாரத்தைப் பின்காலினின்று முன்காலுக்கு மாற்றி, இடுப்பும் தோளும் சுழல அடித்தல் வேண்டும். மூன்றாவது காலம். பந்து வந்தபின் மட்டையைத் தூக்கினேன். அதன் திசை தெரிந்தவுடனே முழங்கையை மடக்கி, மட்டையைக் காதளவு உயர்த்திக் காத்திருத்தல் வேண்டும். பந்து முழங்காலளவு தாழ்ந்து, முன்காலுக்குச் சற்று முன்னே வருங்கால் மணிக்கட்டைச் சுண்டியடித்தல் முறை.

சொல்லுதல் எளிது. கையால் பந்தைத் தரையில் விட்டு நாடோறும் ஐம்பது முறை அடித்தேன். பின்னர் எதிர்ச்சுவரினின்று வருவதையும், கடைசியாகப் பின்சுவரிற்பட்டு மீள்வதையும் அடித்துப் பழகினேன். முதல் மூன்று வாரம் என் ஆட்டம் முன்னினும் கெட்டது. நேற்றுத் தொடங்கியவர்களிடமெல்லாம் தோற்றேன். பழைய வழிக்கே திரும்பிவிடலாமென்று கால்கள் தாமே ஓட முயன்றன. அப்போதெல்லாம் அப்பெரியவர் ஒன்றும் பேசாமல் தம் புருவத்தைத் தொட்டுக் காட்டுவார், நான் நின்றுவிடுவேன். ஐந்தாம் வாரத்தில் ஒருநாள் பந்து மட்டையின் நடுவிற்பட்டு, இதுவரை கேளாத தெளிந்த ஓசையெழுப்பி, எதிர்ச்சுவரின் அடியில் மோதித் தரையோடு உருண்டது. அவர் கைகொட்டினார்.

இக்கலாசாலையிற் பயின்ற நாளில் மேடையேறிப் பேச அஞ்சி, கட்டுரைப் போட்டிகளிலே மட்டும் சேர்ந்து பரிசு பெற்றவன் நான் என்பது அப்பொழுதுதான் நினைவிற்கு வந்தது. அதுவும் ஒரு சுற்றியோட்டமே. அப்பருவத்தில் ஆராய்ச்சி மாணவர் அவையில் என் முறை வந்தபோது, எழுதிக் கொடுத்துவிடுகிறேனென்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் எழுந்து நின்றேன். நாக்குழறியது, ஆயினும் பேசி முடித்தேன்.

ஊர் திரும்புமுன் அப்பெரியவரோடு கடைசியாக ஆடினேன். அவர் தயவு தாட்சணியமின்றித் தொடக்க அடி அனைத்தையும் இடமூலைக்கே அனுப்பினார். பதினைந்து புள்ளிகளை அவரே முதலில் எட்டினார். நான் தோற்றேன், எனினும் ஒருமுறையேனும் சுற்றியோடவில்லை. பிரியும்போது அவர் புருவத்தில் இருந்த மெல்லிய வடுவைப் பார்த்துத் தலைகுனிந்தேன். அவர் என் தோளைத் தட்டி, "இது வீண்போகவில்லை" என்றார்.

இளைய நண்பர்களே, உங்கள் இடப்புறத்தில் கணிதமோ, ஆங்கிலமோ, யாரிடமோ கேட்கவேண்டிய மன்னிப்போ இருக்கக்கூடும். பந்து அங்கேதான் வரும். திரும்பி நின்று அங்கேயே அடிக்கப் பழகுங்கள்.