ஐ.என்.ஏ. வாசலில் பழைய பாட்டு

2023 ஜனவரியில் தில்லி கன்னாட் பிளேஸ் நடைபாதையில் கிட்டார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்த ஓர் இளைஞரை, காவலர் ஒருவர் பாதிப் பாட்டில் எழுப்பி அனுப்பும் காணொளி நாடெங்கும் பரவியது. நான்கு நாள் எல்லோரும் கோபப்பட்டோம், பிறகு மறந்துவிட்டோம். அந்தக் கோபத்தில் ஒரு கேள்வி விடுபட்டுப் போனது. பாடுகிறவரை அவ்வளவு எளிதாக எழுப்பி அனுப்ப முடிகிறது என்றால், அவர் செய்வதை நாம் என்னவாகக் கருதுகிறோம்? தொழிலாகவா, பொழுதுபோக்காகவா, பிச்சையாகவா? பழைய சினிமாப் பாட்டுகளைப் பாடிப் பிழைக்கிறவர் ஒரு கைவினைஞர் என்றும், கைவினைஞருக்கு நாம் கொடுக்கிற இடத்தையும் மதிப்பையும் அவருக்கும் கொடுத்தாக வேண்டும் என்றும் நான் நினைக்கிறேன். அதை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நின்று யோசிப்பதற்குக் காரணம் உண்டு.

தில்லித் தமிழருக்கு இந்த மார்க்கெட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை, இட்லி அரிசி, நல்ல மீன் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் சந்தை இது. ஐ.என்.ஏ. எனப்படும் இந்திய தேசிய ராணுவத்தை 1942-ல் முதலில் அமைத்த மோகன் சிங்கின் பெயரில் மோகன் சிங் மார்க்கெட் என்றும் இதைச் சொல்வார்கள். எதிரே, ஸ்ரீ அரவிந்தர் மார்க்கத்தின் மறுபக்கம், தில்லி ஹாட். தில்லி சுற்றுலாத் துறையும் புதுதில்லி நகராட்சியும் சேர்ந்து 1994-ல் திறந்த கைவினைச் சந்தை. நெசவாளி, குயவர், மதுபனி ஓவியர், தோல்பாவை செய்பவர் எல்லோரும் தரகர் இல்லாமல் தங்கள் பொருளைத் தாங்களே விற்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. கைவினைஞர் என்ற பதிவு உள்ளவருக்குப் பதினைந்து நாள் முறையில் கடை கிடைக்கிறது, முறை முடிந்ததும் அடுத்தவர் வருகிறார். பொதுப்பணத்தில் நடக்கும் நல்ல ஏற்பாடு என்று எதையாவது சுட்டச் சொன்னால் இதைத் தயங்காமல் சுட்டுவேன். ஆனால் ஹாட்டின் மதிலுக்கு வெளியே, மெட்ரோ வாசலிலிருந்து சந்தைக்குப் போகும் வழியில் முகேஷ், ரஃபி, கிஷோர் என்ற பழைய இந்தி சினிமாப் பாடகர்களின் பாட்டுகளைப் பாடுகிறவருக்கு அந்தப் பதிவேட்டில் இடம் கிடையாது.

அவருடைய தொழிற்கருவியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சக்கரம் வைத்த ஸ்பீக்கர் பெட்டி, ஒரு மைக், ஒரு கைபேசி. கைபேசியில் பாடகர் குரல் நீக்கப்பட்ட இசை மட்டும் உள்ள கரோக்கி டிராக்குகள் இருக்கும். நம் ஊர் மெல்லிசைக் குழுவில் பாடகர் ஒரு வரியைத் தவறவிட்டால் கீபோர்டு வாசிப்பவர் அந்த இடத்தை இன்னொரு முறை வாசித்துக் காப்பாற்றிவிடுவார், தபலாக்காரர் கண்ணைப் பார்த்தே காத்திருப்பார். டிராக் யாருக்காகவும் காத்திருக்காது. இடையிசை முடிந்து சரணம் தொடங்கும் அந்த அரை நொடியில் குரல் வந்தே ஆக வேண்டும், அதுவும் பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது. அடுத்தது சுருதி. ரஃபி தன் வாலிபத்தில் உச்சத்தில் நின்று பாடியதை அறுபது வயதுக்காரர் அதே கட்டையில் எடுத்தால் குரல் கிழியும். அதனால் பாடும் முன்பு கட்டைவிரலால் திரையைத் தள்ளி சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிக்கொள்கிறார். அதற்கும் கீழே இறக்கினால் டோலக்கின் ஓசை தொய்ந்துபோகும், வயலின்கள் கனத்து வேறு வாத்தியம்போல ஒலிக்கும். எந்தப் பாட்டை எவ்வளவு இறக்கலாம், எந்தப் பாட்டை இறக்கவே கூடாது, எதை இந்த வயதில் விட்டுவிட வேண்டும் என்ற கணக்கு எந்தச் செயலியிலும் இல்லை. டூயட்டில் ஆண் பகுதிக்கு நெஞ்சுக்குரல், பெண் பகுதிக்கு மெல்லிய தலைக்குரல் என்று ஒரே மூச்சில் மாற்றிப் பாடுகிறார். தறியில் உட்கார்ந்தவர் கைக்கு இருக்கும் பழக்கம் இந்தத் தொண்டைக்கும் இருக்கிறது.

இவ்வளவு பழக்கம் தேவைப்படும் ஒரு வேலையைச் சட்டம் எப்படிப் பார்த்தது? 1959-ன் பம்பாய் பிச்சை தடுப்புச் சட்டம் 1960-ல் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டது. பொது இடத்தில் பிச்சை கேட்பது, பெறுவது என்பதை விளக்கும்போது, பாடுவது, ஆடுவது, ஜோசியம் சொல்வது, வித்தை காட்டுவது போன்ற எந்தச் சாக்கில் செய்தாலும் அது பிச்சைதான் என்று அந்தச் சட்டம் வரையறுத்தது. முதல் முறை தண்டனை பெற்றால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பில்லத்தில் அடைக்கலாம், மீண்டும் பிடிபட்டால் பத்தாண்டு வரை போகலாம். 2018 ஆகஸ்ட் 8-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் ஹர்ஷ் மந்தர் வழக்கில் பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளை அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று தள்ளியது. அதாவது, ஏறக்குறைய 58 ஆண்டுகள் இந்தத் தலைநகரில் தெருவில் பாடிக் காசு வாங்குவது ஒருவரை அடைத்துவைக்கப் போதுமான காரணமாக இருந்தது. தண்டனை போய்விட்டது, ஆனால் அந்தப் பார்வை போகவில்லை. சென்னைப் புறநகர் மின்ரயிலில் கழுத்தில் ஸ்பீக்கர் பெட்டியை மாட்டிக்கொண்டு எம்.ஜி.ஆர். பாட்டுப் பாடிவரும் பார்வையற்றவரிடம் நாம் நீட்டும் காசையும் தர்மம் என்றுதான் நினைத்து நீட்டுகிறோம். நான்கு நிலையங்கள் நம்மை ஒரு காலத்துக்குக் கொண்டுபோனதற்கான கூலி அது என்று நமக்குத் தோன்றுவதில்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். இவர் புதிதாக எதையும் படைக்கவில்லையே, பிறர் இசையமைத்து, பிறர் எழுதி, பிறர் பாடியதைத் திரும்பச் செய்கிறாரே, இதைக் கலை என்று எப்படிச் சொல்வது என்பார்கள். ஹாட்டுக்குள் பதிவுச்சான்றோடு உட்கார்ந்திருக்கும் நெசவாளியும் தாத்தா காலத்து மாங்காய்ப் புட்டாவைத்தான் நெய்கிறார். அதைப் பாரம்பரியம் என்கிறோம், நகல் என்பதில்லை. தமிழ்நாட்டு வரலாற்றில் இதற்கு இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட முதலாம் இராசராசன் 48 பிடாரர்களையும், உடுக்கைக்கு ஒருவரையும், கொட்டி மத்தளத்துக்கு ஒருவரையும் நியமித்து, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கச் சொல்லிக் கல்லில் வெட்டிவைத்தான். அவர்கள் பாடியவை அன்றைக்கே முந்நூறு, நானூறு ஆண்டுப் பழைய பாட்டுகள். ஒருவர்கூட அவற்றை எழுதியவர் அல்லர். பழைய பாட்டைப் பிழையில்லாமல் மறுபடி ஒலிக்கச் செய்வதே சம்பளத்துக்கு உரிய வேலை என்று பதினோராம் நூற்றாண்டின் அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. அது பக்தி, இது சினிமா என்று பிரிக்கலாம். ஆனால் உழைப்பின் தன்மை ஒன்றுதான்.

தில்லியின் சொந்த வரலாறும் இந்த மறுப்புக்கு எதிராகவே நிற்கிறது. தரியாகஞ்சிலிருந்து கிளம்பிய குல்ஷன் குமார் 1983-ல் தொடங்கிய டி-சீரிஸ், பழைய பாட்டுகளை வேறு குரல்களில் மறுபடி பதிவுசெய்த மலிவு கேசட்டுகளின் மீது வளர்ந்த நிறுவனம். ஒரு பாட்டு வெளியான பிறகு, உரிய ராயல்டி கட்டி இன்னொருவர் அதைப் பதிவுசெய்யலாம் என்று அன்றைய பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. சோனு நிகம் சிறுவயது முதலே தந்தையோடு மேடை மேடையாக ரஃபி பாட்டுப் பாடி வளர்ந்தவர், குமார் சானு கிஷோர் பாட்டிலிருந்து வந்தவர். திரும்பப் பாடுவதிலிருந்து ஒரு நிறுவனமும் இரண்டு நட்சத்திரங்களும் எழுந்தால் அது தொழில், நடைபாதையில் ஒருவர் அதையே செய்தால் போலி என்ற அளவுகோலை என்னால் ஏற்க முடியவில்லை.

பாட்டுக்குச் சொந்தக்காரர் வேறு என்பது அடுத்த மறுப்பு. இது நியாயமான மறுப்பு, மழுப்பக் கூடாது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி பங்கு கிடைத்தது. அது வர வேண்டிய நீதி. 2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் உலகச் சுற்றுப்பயணத்தின்போது இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போன பிறகு தமிழுலகம் இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. அந்த வாதத்தில் நான் படைத்தவரின் உரிமைப் பக்கம்தான். ஆனால் அது டிக்கெட் விற்று நடந்த பெரிய கச்சேரிகளைப் பற்றியது. மேடைக்கு உரிமம் வாங்குவது நிகழ்ச்சி அமைப்பாளரின் பொறுப்பு. சட்டத்தில் விலக்குகளும் உண்டு: கல்யாண விழாக்களுக்கு உண்டு, கட்டணம் வாங்காத கூட்டத்துக்கு முன் பாடும் பொழுதுபோக்குக் கழகங்களுக்கும் உண்டு. வயிற்றுக்காகப் பாடுகிறவர் மட்டும் எந்த விலக்கிலும் அடங்கவில்லை. அதே சட்டம் இவருக்கும் ஓர் உரிமை தருகிறது என்பதை இவரிடம் யாரும் சொல்வதில்லை. நிகழ்த்துநர் என்ற முறையில் இவர் பாடியதை இவர் சம்மதமின்றிப் பதிவுசெய்து வெளியிடக் கூடாது. பையில் நெத்திலியும் தேங்காயும் வாங்கிக்கொண்டு போகிற வழியில் கைபேசியைத் தூக்கிப் பிடித்து முழுப் பாட்டையும் எடுத்துக்கொண்டு, ஒரு ரூபாயும் வைக்காமல் நகர்கிறவர் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது நடுவில் நிற்பவர்கள் மீது. கரோக்கி வந்தபின் பத்துப் பேர் குழுவின் சம்பளம் மிச்சமானது. அந்த மிச்சம் பாடுகிறவர் கைக்குப் போகவில்லை, அரங்கையும் ஸ்பீக்கரையும் வைத்திருப்பவரிடம் போனது. பாடுகிறவரிடமே பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மேடை ஏற்றும் நிகழ்ச்சிகள் இன்று தில்லியிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. பென்ஷன் வாங்குகிற, ஆசைக்காகப் பாடுகிற ஒருவருக்கு அது பாரமில்லை. அவர் பாடட்டும், அவர் மகிழ்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காசு கொடுத்துப் பாட ஆள் வரிசையில் நிற்கும்போது காசு வாங்கிப் பாடுகிறவருக்கு யார் அட்வான்ஸ் கொடுப்பார்கள்? ரஃபி மறைந்த ஜூலை 31, முகேஷ் மறைந்த ஆகஸ்ட் 27, கிஷோர் மறைந்த அக்டோபர் 13 என்று நினைவுநாள் தோறும் விழா எடுக்கிறார்கள். பேனரில் இறந்தவர் முகம், மேடையில் பொன்னாடை பெறுகிறவர் நன்கொடையாளர். மூன்று மணி நேரம் தொண்டையைக் கொடுத்தவருக்கு இரவுச் சாப்பாடும் ஆட்டோ கூலியும். நெசவாளியின் சேலையைப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வாங்கிப் போன தரகரை எதிர்த்துத்தான் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஹாட் கட்டினோம். அந்தத் தரகர் பாட்டுக்கும் இருக்கிறார். அவர் மீது நமக்குக் கோபம் வராததற்குக் காரணம், அவர் கொண்டுபோவது கண்ணுக்குத் தெரிகிற சேலை இல்லை என்பதுதான்.

சத்தம், நெரிசல் என்று காவல்துறை சொல்வதிலும் உண்மை உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி வேண்டும், இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியே கூடாது. அந்த விதி இருக்கட்டும், நானே அதை ஆதரிக்கிறேன். ஆனால் அனுமதி வேண்டும் என்றால் அதைக் கேட்கிறவருக்கு ஒரு வழி இருக்க வேண்டும். சிங்கப்பூர் 1997 முதல் தேசியக் கலை மன்றத்தின் வழியாகத் தெருப்பாடகர்களுக்கு ஒரு முறையை வைத்திருக்கிறது. லண்டன் சுரங்க ரயிலில் 2003 முதல் குரல் தேர்வு வைத்து, நிலையங்களில் இடம் குறித்து, நேரம் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஐ.என்.ஏ. மெட்ரோ மஞ்சள் தடமும் இளஞ்சிவப்புத் தடமும் சந்திக்கும் நிலையம். இரண்டு தடத்துக்கும் நடுவே நடக்கிற கூட்டத்துக்கு ஒரு மூலையில் ஒருவர் நின்று பாட இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. புதுச் சட்டம்கூடத் தேவைப்படாமல் போகலாம். 2014-ன் தெருவியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவரோடு நிறுத்திக்கொள்ளவில்லை, தெருவில் பொதுமக்களுக்குச் சேவை அளிப்பவரையும் தெருவியாபாரி என்றே வரையறுக்கிறது. செருப்புத் தைப்பவர் அதில் வருகிறார். பாடுகிறவரும் வரலாம் என்று நகர விற்பனைக் குழு ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தால் போதும். அதோடு தில்லி ஹாட் நிர்வாகம் தன் பதினைந்து நாள் முறையில் ஓர் இடத்தைப் பாடகருக்கு ஒதுக்கி, சுழற்சியில் ஆளை மாற்றி, வைக்கிற காசை முழுக்க அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். மாலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை என்று நேரமும், ஒலிக்கு ஓர் அளவும், நிற்க ஒரு சதுரமும் குறித்துக் கொடுத்தால் காவலருக்கும் எழுப்ப வேலை இருக்காது.